நிறத்தைச் சொல்

கடலே இல்லாத ஊர்.
மூவாயிரம் அடி மேலே உட்கார்ந்துகொண்டு
ஆழம் போகக் கற்கிறாள் சுகிர்தா.
பசவனகுடிக் குளத்தில் காலை ஐந்தேமுக்கால்,
பிள்ளைகளின் வகுப்பு தொடங்கும்வரை
ஓரத்துத் தடம் எங்களுக்கு.
காவலாளிக்கு இன்னும் பழகவில்லை.
"மேடம் எழுந்திருக்கவே இல்லையே சார்" என்று
தினமும் ஒருமுறை வந்து எட்டிப் பார்ப்பார்.

குப்புற மிதக்கிறாள்.
எண்ணுவது என் வேலை.
பதினைந்து நொடிக்கு ஒருமுறை தோளைத் தட்டினால்
சுட்டுவிரல் எழும்: இருக்கிறேன்.
கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில்
இவ்வளவு ஒழுங்காக
வேறெதற்கும் அவள் எனக்குப் பதில் சொன்னதில்லை.

மூன்றாம் நிமிடம் வயிறு உதறத் தொடங்கும்.
முதல் தடவை விக்கல் என்று நினைத்தேன்.
உதரவிதானமாம்.
ரத்தத்தில் சேர்ந்த கரியமிலவாயு
மூளைத்தண்டில் நின்று கத்துகிறது:
இழு, இழு, மூச்சை இழு.
பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியைப் போல
அவள் அதைக் கேட்டுக்கொண்டு கிடக்கிறாள்.

பிறகு உடம்பு சிக்கனத்தில் இறங்கும்.
விரல்களுக்கு வெட்டு, கால்களுக்கு வெட்டு.
இதயம் நிமிடத்துக்கு நாற்பது, முப்பத்தாறு.
மண்ணீரல் ஒளித்து வைத்த சிவப்பணுக்களைப்
பிழிந்து கொடுக்கும்.
எல்லாம் மேலே,
மண்டைக்குள் சம்மணமிட்டிருக்கும்
அந்த ஒன்றேகால் கிலோவுக்கு.

நாலாம் நிமிடத்தில் என் கை நடுங்கும்.
அதற்கு அறிவியல் காரணம் எதுவும் இல்லை.

மேலே வந்ததும்
மூக்குக் கிளிப்பைக் கழற்றி, விரலை வட்டமாக்கி,
"நல்லாயிருக்கேன்" என்று சொல்ல வேண்டும்.
பதினைந்து நொடி அவகாசம்.
மார்ச்சில் ஒருநாள், ஐந்து நிமிடம் நாற்பது.
தலை ஆடியது. உதடு நாவல்பழம்.
விரல்கள் ஒன்றையொன்று தேடின, வட்டம் கூடவில்லை.
"நான்" என்றாள்.
மீதி வரவில்லை.

ஓசூர் சாலை ஆய்வுக்கூடத்தில்
வினுதா என்ற டாக்டர் பொறுமையாகச் சொன்னார்:
பன்னிரண்டு பேரை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது.
ரத்தத்தில் ஒரு புரதம் சற்றே ஏறுகிறது,
மறுநாள் இறங்கிவிடுகிறது.
மூளைக்கும் ரத்தத்துக்கும் நடுவே ஒரு கதவு,
கொஞ்சம் திறந்து மூடிக்கொண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.
அந்த நேரத்தில்
உள்ளே போனது எது, வெளியே வந்தது எது
என்று நான் கேட்கவில்லை.

அங்கேதான் அந்த அட்டைகளைப் பார்த்தேன்.
பச்சை மையில் 'சிவப்பு' என்று எழுதியிருக்கும்.
சொல்லை விட்டுவிடு, நிறத்தைச் சொல்.
எவ்வளவு நேரம் தயங்குகிறாய் என்பதே கணக்கு.

வீட்டுக்கு வந்து நானே இருபது அட்டை எழுதினேன்.
அவளுக்குத் தெரியாமல் ஒரு நோட்டும் போட்டேன்.
செவ்வாய்: சல்லடைக்குப் பெயர் வராமல்
"அந்த ஓட்டை ஓட்டையா இருக்குமே" என்றாள்.
புதன்: குக்கர் எத்தனை விசில் என்று இரண்டு முறை கேட்டாள்.
வெள்ளிக்கிழமை
நோட்டை எங்கே வைத்தேன் என்று
எனக்கு மறந்துவிட்டது.
ஞாயிற்றுக்கிழமை அவள்தான் எடுத்துக் கொடுத்தாள்,
படித்துவிட்டாள் என்பது
கொடுத்த விதத்திலேயே தெரிந்தது.

"கீழே அப்படி என்னதான் இருக்கு?"

நாள் முழுக்க ஹெட்போனை மாட்டிக்கொண்டு
யார் யாருடைய பில் தகராறுக்கோ
மன்னிப்புக் கேட்கிறவள் சொன்னாள்:
"அங்க யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம்."
கொஞ்சம் யோசித்து,
"உன் தட்டலத் தவிர."

இன்று காலை ஐந்து நிமிடம் இருபத்திரண்டு.
வட்டம் முழுசாக வந்தது, வாக்கியமும்.
படிக்கட்டில் தலை துவட்டிக்கொண்டிருந்தவளிடம்
நீல மையில் 'மஞ்சள்' நீட்டினேன்.
பார்த்தாள்.
பிள்ளைகள் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் தொப்பென்று விழுகிறார்கள்.
அரை நொடி. முக்கால்.
"நீலம்."

பிறகு என் கையிலிருந்து கட்டைப் பிடுங்கி,
ஈரக்கையால் குலுக்கி,
ஒன்றை என் முகத்துக்கு நேரே பிடித்தாள்.
"இப்ப நீ."

நெஞ்சு நிறைய மூச்சு இருந்தது எனக்கு.
சிவப்பு மையில் எழுதியிருந்ததைப் பார்த்து
"கறுப்பு" என்றேன்.